மொட்டைமாடியில் நன்னாரி: மாசியில் வேர் நடுவதிலிருந்து சர்பத் வரை

நன்னாரியைக் கொடியாக வளர்ப்பது எளிது. வேராக வளர்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கைப்பிடிச் சுவர் முழுக்கப் பச்சைப் பசேலென்று படர்ந்திருக்கும். இரண்டு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றியவர் ஆசையோடு தொட்டியைக் கவிழ்த்தால் நூல் நூலாக நாலு இழைதான் கிடைக்கும். சர்பத்துக்கு வேண்டிய வாசனை வேரின் தோலில் இருக்கிறது. அதனால் தொட்டி, மண், தண்ணீர், உரம் என எதைத் தேர்ந்தெடுக்கும்போதும் 'இது வேருக்கு என்ன செய்யும்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளையும், உள்ளே தள்ளியிருக்கும் வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் பக்கத்து மாடிகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உப்புத் தண்ணீர், உப்புக் காற்று, கரித்தூசி மூன்றும் இங்கே கூடுதல் தொல்லை. பிற ஊர்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகள் இங்கே சறுக்குவது இவற்றால்தான்.

1. முதலில் காலண்டர்

மாசி முதல் பாதியில் வேர்த்துண்டை நட வேண்டும். ஆடியில் நிரந்தரத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஒரு முழு ஆண்டைக் கடந்து, அதற்கடுத்து வரும் தை, மாசியில் தோண்ட வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 24 மாதங்கள் ஆகும். 18 மாதங்களிலும் தோண்டலாம், வேர் மெலிந்திருக்கும். ஒரே கோடைக்குள் பலன் வேண்டும் என்பவர்கள் சங்குப்பூ நடுங்கள். நன்னாரி உங்களுக்கானது அல்ல.

ஏன் மாசி? பனி விலகி வெயில் மெல்ல ஏறும் நேரம் அது. மண் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் சட்டென்று காய்ந்துவிடாது. வேர்த்துண்டு துளிர்க்க 3 முதல் 6 வாரங்கள் எடுத்துக்கொள்ளும். சித்திரை பிறப்பதற்குள் நான்கைந்து இலை விட்டுவிட்டால், நிழலில் வைத்துக் கோடையைக் கடத்திவிடலாம். பங்குனிக் கடைசியில் நட்டவர்களுக்குத் துளிரும் அக்னி நட்சத்திரமும் ஒன்றாக வந்து சேரும், துளிர் தோற்றுவிடும்.

2. உயிருள்ள வேரைத் தேடுதல்

பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டி தெரு நாட்டுமருந்துக் கடைகளில் நன்னாரி வேர் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். அதை வாங்கிவந்து நடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. "ஒரு ராத்திரி ஊறவைத்து நட்டால் வராதா அண்ணா?" என்று கேட்காதவர்கள் இல்லை. வராது. காய்ந்த வேரில் வாசனை இருக்கும், உயிர் இருக்காது. மண்ணுக்குள் போனதும் பூஞ்சை பிடிக்கும், அவ்வளவுதான்.

மூலிகைச் செடிகள் விற்கும் நர்சரியில் பையில் வளர்ந்த செடியாக வாங்குங்கள்; அல்லது ஏற்கெனவே வளர்ப்பவரிடம், அவர் தோண்டும் நாளில் போய்க் கேளுங்கள். காட்டில் போய்ப் பிடுங்க வேண்டாம். காப்புக்காட்டில் அது சட்டப்படி குற்றம். வேரோடு பிடுங்கிய கொடி அந்த இடத்தில் மறுபடி வருவதும் அரிது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: தண்டு கம்பி போல மெலிந்து, சற்றே ஊதா கலந்த பழுப்பாக இருக்கும். இலைகள் எதிரெதிராக இருக்கும். ஒரே கொடியில் ஒல்லியான இலையும் அகன்ற இலையும் இருக்கலாம். ஒல்லி இலையின் நடுநரம்பையொட்டி வெள்ளைக் கோடு தெரிவது நல்ல அடையாளம். கிள்ளினால் பால் வரும். ஆனால் பால் வடிகிற கொடியெல்லாம் நன்னாரி ஆகாது. பால்வள்ளி போன்றவையும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நர்சரிக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு.

கடைசித் தீர்ப்பு மூக்கினுடையது. பையின் ஓரத்து மண்ணை விலக்கி, ஒரு சிறு வேரை நகத்தால் கீறி முகருங்கள். வெனிலாவை நினைவூட்டும் இனிய மணம் உடனே எழ வேண்டும். வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் மூலக்கூறின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க, ஆல்டிஹைடு வகை வேதிப்பொருள் ஒன்றுதான் இந்த மணத்துக்குக் காரணம். மாகாளிக்கிழங்கிலும் இதே மணம் உண்டு. அதன் வேர் கிழங்காகப் பருத்திருக்கும், நன்னாரியினுடையது ஒல்லியாக இருக்கும். மணம் இல்லையென்றால் செடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். அரளியும் இதே குடும்பம்.

3. இடம்: மாசி நிழலை நம்பாதீர்கள்

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுந்து, பிற்பகலில் நிழல் கிடைக்கும் இடம் வேண்டும். வடசென்னையில் கடல் கிழக்கே இருப்பதால், காலை வெயிலுக்கு வசதியான கிழக்குச் சுவர்தான் உப்புக் காற்றையும் முதலில் வாங்குகிறது. மேற்குப் பக்கம் அனல். இரண்டுக்கும் நடுவே, மாடிப்படி அறையின் வடக்குச் சுவரை ஒட்டிய இடம்தான் பெரும்பாலான வீடுகளில் பொருத்தமாக அமைகிறது.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்குச் சுவரடி நாள் முழுக்க நிழலாகத் தெரியும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. மாசியில் நிழலாக இருந்த அதே இடம் வைகாசியில் உச்சி வெயிலில் கிடக்கும். எனவே நடும்போதே அந்த இடத்துக்கு மேலே 50 சதவீத நிழல்வலை கட்ட நாலு கொக்கிகளை அடித்து வைத்துவிடுங்கள். சித்திரையில் செடி வாடிய பிறகு வலை தேடி அலைவது வீண்.

தொட்டியைத் தரையில் நேரடியாக வைக்கக் கூடாது. மே மாதத் தளத்தின் சூடு அடிவேரைச் சுட்டுவிடும். செங்கல் மேல் வைத்தால் சூடும் ஏறாது, தண்ணீரும் தடையின்றி வடியும்.

4. தொட்டியல்ல, குழாய்

அகலமான தொட்டியில் நன்னாரி வேர் சுவரைத் தொட்டுச் சுருண்டு சுற்றும். நீளமான, நேரான வேர் வேண்டுமென்றால் ஆழம்தான் முக்கியம். எனக்குப் பிடித்தது 6 அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய், 2 அடி நீளத் துண்டு. கட்டட வேலை நடக்கும் இடங்களில் மிச்சத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும்.

குழாயை நெடுக இரண்டாகப் பிளந்துவிடுங்கள். பிறகு இரண்டு பாதிகளையும் சேர்த்து மூன்று இடங்களில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். அடிப்பக்கத்தில் நைலான் வலையை இரண்டு மடிப்பாக வைத்துக் கட்டி, இரண்டு செங்கல்களின் இடைவெளி மேல் நிறுத்துங்கள். இப்படிப் பிளப்பதன் பயன் இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்: கம்பியை அவிழ்த்தால் குழாய் திறந்துகொள்ளும், வேர் முறியாமல் முழுதாகக் கைக்கு வரும். பிளக்காத குழாயிலிருந்து வேரை இழுத்தவர்கள் பாதியை உள்ளேயே விட்டிருக்கிறார்கள்.

குழாய் தனியாக நின்றால் காற்றில் சாயும், வெயிலில் கொதிக்கும். நான்கைந்தை நெருக்கிச் சேர்த்து நிறுத்தி, கைப்பிடிச் சுவரோடு கயிற்றால் கட்டி, வெளிப்புறத்தைச் சணல் சாக்கால் சுற்றிவிடுங்கள். ஒரு குழாய் 11 லிட்டர் கொள்ளும். நனைந்த மண்ணோடு 15 கிலோவை எட்டும். பழைய ஓட்டுத் தளமாக இருந்தால் நடுவில் வைக்காமல் சுவரோரம் வையுங்கள்.

குழாய் கிடைக்காதவர்களுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். பழைய அரிசிச் சாக்கு மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக் நெசவு வெயிலில் பொடிந்துவிடும். இரண்டாம் கோடையைத் தாண்டாது.

5. மண்

செம்மண் 4 பங்கு, கரடான மணல் 3 பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய சாணம் 2 பங்கு, தென்னைநார்த் தூள் 1 பங்கு. குழாய்க்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மணல் இத்தனை எதற்கு என்றால், இறுகிய மண்ணில் வேர் பருக்காது. தண்ணீர் நின்றால் அழுகும். எம்-சாண்ட் மட்டுமே கிடைத்தால் அதிலுள்ள மாவைக் கழுவி விட்டுப் போடுங்கள். கழுவாவிட்டால் ஒரே மாதத்தில் சிமெண்ட் போல இறுகிவிடும்.

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். திருவொற்றியூரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று அள்ளிவருகிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் கிளிஞ்சல் தூளும் உப்பும் கொஞ்சமாவது மிஞ்சும். தென்னைநார்த் தூளிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் வேரையே கொதிநீரில் ஊறவைத்துக் குடிக்கப்போகிறோம். மண்ணில் இருக்கும் கெட்டது வேரைத்தான் முதலில் தொடும். எண்ணூர் கழிமுகப் பக்கத்துச் சாம்பல் படிந்த மண், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள மண், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் புகுந்த தெருக்களின் மண் ஆகியவற்றைக் கீரைக்கே பயன்படுத்தக் கூடாது. வேர்ப்பயிருக்கு நினைத்தே பார்க்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்லத் தயங்கும் செம்மண்ணையும் விட்டுவிடுங்கள்.

6. துண்டு வெட்டி நடுதல்

பென்சில் பருமனுள்ள வேரைத் தேர்ந்து, 2 அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். தண்டு தொடங்கும் கழுத்துப் பகுதியில்தான் மொட்டுகள் அதிகம். அந்தத் துண்டுகள் முதலில் துளிர்க்கும். நுனிவேர்த் துண்டுகள் பலவும் ஏமாற்றும். மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டிக்கொண்டால் எது மேல், எது கீழ் என்று பிறகு குழம்ப வேண்டியதில்லை.

வெட்டியதும் நடக் கூடாது. வெட்டுவாயில் பால் கசியும். நிழலில் ஒரு நாள் வைத்தால் அது உலர்ந்து மெல்லிய தோல் படியும். அதன் பிறகு நட்டால் அழுகல் வெகுவாகக் குறையும். அவசரப்படுகிறவர்கள் இந்த ஒரு நாளைத்தான் மிச்சம் பிடிப்பார்கள், துண்டில் பாதியை இழப்பார்கள்.

அரை லிட்டர் பால் உறைகள்தான் நாற்றங்கால். கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டு, மேலே சொன்ன மண்ணையே நிரப்பி, துண்டைச் சாய்வாக வைத்து விரற்கடை ஆழத்துக்கு மூடுங்கள். ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டு, பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் தெளித்தால் போதும். இலையில்லாத துண்டு தண்ணீர் குடிக்காது. ஊற்றும் தண்ணீரெல்லாம் அழுகலுக்கே போகும்.

மூன்று வாரமாகியும் ஒன்றும் தெரியாவிட்டால் கை துறுதுறுக்கும். தோண்டிப் பார்க்காதீர்கள். துளிர் மண்ணுக்குள்ளேயே அரையங்குலம் வந்திருக்கும். அதை ஒடிப்பது உங்கள் விரலாகத்தான் இருக்கும். ஆறு வாரம் கடந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

7. ஆடிவரை காப்பாற்றி, குழாய்க்கு மாற்றுதல்

சித்திரை, வைகாசியில் செய்ய வேண்டியது நிழலும் காலைத் தண்ணீரும் மட்டுமே. உரம் வேண்டாம். வளர்ச்சி நின்றது போலத் தெரிந்தாலும் செடி பிழைத்திருந்தால் போதும்.

ஆடியில் மாலை மழைகள் வந்து வெக்கை தணிந்ததும் குழாய்க்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்பே படரும் கயிற்றைக் கட்டிவிட வேண்டும். பின்னால் கழி ஊன்றினால் வேரில்தான் குத்தும். தேங்காய்நார்க் கயிறு நல்லது, இரும்புக் கம்பி சூடேறி இளந்தண்டைச் சுடும். பால் உறையைக் கத்தரியால் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். குழாய்க்கு ஒரே செடி. இரண்டு வைத்தால் இரண்டுமே ஒல்லியாகும்.

8. தண்ணீர்

வடசென்னையில் நன்னாரி பிழைப்பதும் சாவதும் இந்த ஒன்றில்தான். கடலோரப் பகுதிகளில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்பு. உடனே கொல்லாது, அதனால்தான் ஏமாற்றுகிறது. முதலில் இலை விளிம்பு பழுப்பாகி மொறுமொறுவென்று காயும். பிறகு தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படியும். அதைக் கண்டு தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, அதே தண்ணீரை இன்னும் கூடுதலாக ஊற்றுவார்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிடுங்கள். 500க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1000ஐத் தாண்டினால் நான் இந்தச் செடிக்கு ஊற்ற மாட்டேன். மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் எடுத்து வைத்தால் நான்கைந்து குழாய்க்கு வாரம் ஓடும். ஏசி பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. கோடையில் அதை ஒரு வாளியில் பிடித்தாலே போதுமானது.

ஆர்.ஓ. கழிவுநீரை மட்டும் ஊற்றக் கூடாது. "வீணாகப் போகிறதே தம்பி, செடிக்காவது ஆகட்டும்" என்று பெரியவர்கள் சொல்வது நல்ல மனதோடுதான். ஆனால் வடிகட்டிய தண்ணீரிலிருந்து நீக்கிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கருவாடு ஊறிய தண்ணீரும் அப்படியே. அரிசி களைந்த தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

எப்போது ஊற்றுவது? விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும். ஊற்றினால் அடி வலை வழியாக வடியும்வரை ஊற்ற வேண்டும். தினமும் அரை தம்ளர் தெளிக்கிறவர்களின் செடியில் வேர் மேலேயே நிற்கும். ஆழத்தில் ஈரம் இல்லாதபோது அது எதற்காகக் கீழே போக வேண்டும்?

வாரம் ஒருமுறை இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். மணலி, எண்ணூர் பக்கத்து மாடிகளில் இலையைத் தடவினால் விரல் கறுக்கும்.

9. உரம்: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

காசிமேட்டு மீன் கழிவும் வெல்லமும் சேர்த்து மீன் அமிலம் செய்கிறவர்கள் இங்கே அதிகம். கத்தரிக்கும் கீரைக்கும் அருமையான உரம். நன்னாரிக்கு அதைக் கொடுத்தால் தழைச்சத்து ஏறி, கொடி தறிகெட்டு ஓடும். வேர் அப்படியே நிற்கும். மாடிக்கு ஏரியாப் பூனைகள் எல்லாம் வந்துசேரும் என்பது தனிக் கதை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அதோடு ஒரு சிட்டிகை மரச்சாம்பல். இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கொடி ஆளுயரத்தைத் தாண்டினால் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

10. புழுவும் மாவுப்பூச்சியும்

கணுக்களில் பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கும். கூடவே எறும்பு வரிசையை நிறுத்த வேண்டும். மாவுப்பூச்சியைத் தூக்கிவந்து குடியேற்றுவது அவைதான்.

உடம்பில் வரி வரியாக, முதுகில் இணை இணையாகக் கருங்கொம்புகள் நீட்டிக்கொண்டு ஒரு புழு இலையைத் தின்னும். அது பழுப்பும் கறுப்புமாய் மாடியில் மிதக்கும் காக்கைப் பட்டாம்பூச்சியின் குட்டி. இளஞ்செடியை இரண்டே நாளில் மொட்டையடித்துவிடும் என்பதால் முதல் ஆண்டில் விடக் கூடாது. கொல்லவும் வேண்டாம், அதற்கு அரளி இலையும் ஆகாரம்தான். தெருமுனையில் அரளி இருந்தால் அங்கே கொண்டுபோய் விடுங்கள். இரண்டாம் ஆண்டில் கொடி தாங்கும். இலையடியில் வெள்ளி முலாம் பூசியது போல மின்னும் கூட்டைக் கண்டால் அதைத் தொடாமல் விடுங்கள். அது இனி தின்னப்போவதில்லை.

11. ஐப்பசி, கார்த்திகை

சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. அடி வலையில் மண் அடைத்திருக்கிறதா என்று மழைக்கு முன் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கொடியைக் கயிற்றோடு அவிழ்த்துச் சுருட்டி, குழாயின் தலையில் கிடத்திவிடுங்கள். கொடி கிழிந்தால் மறுபடி துளிர்க்கும். காற்றில் குழாய் சாய்ந்தால் இரண்டாண்டு வேலை போய்விடும்.

இந்த மழை மண்ணில் சேர்ந்த உப்பையும் கழுவிச் செல்கிறது. அதற்காகவாவது குழாய்களைத் தார்ப்பாயால் மூடாமல் நனைய விடுங்கள்.

12. தோண்டுதல், உலர்த்துதல், மறு நடவு

தை கடைசியில் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். மண் உதிரும் பதத்துக்கு வந்ததும் கம்பியை அவிழ்த்துக் குழாயைத் திறந்து, மண்ணைக் கையால் உதிர்த்து வேரை எடுங்கள். விளைச்சல் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். ஒரு குழாய்க்கு ஒரு கைப்பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து குழாய் சேர்ந்தால்தான் கோடைக்குச் சர்பத்.

கழுவுவதற்கு முன், மொட்டுள்ள கழுத்துத் துண்டுகளை அடுத்த நடவுக்கு ஒதுக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் கழுவிக் காயப்போட்டுவிட்டு, பிறகு விதைவேருக்கு அலைகிறவர்கள் நிறைய. மீதியை ஓடும் தண்ணீரில் கழுவி, ஊறவிடாமல், நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வாசனை பறந்துவிடும். வளைத்தால் டக்கென்று ஒடியும் பதம் வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கலாம்.

13. சர்பத்

உலர்ந்த வேர் 50 கிராம் எடுத்து, அம்மியிலோ உரலிலோ நசுக்குங்கள். தோல் பிளந்து, நடுவில் வெளுத்த கட்டை நரம்பு தெரியும். அதில் மணம் இல்லை, எறிந்துவிடுங்கள். தோலின் மேல் அரை லிட்டர் கொதிநீரை ஊற்றி, இறுக மூடி ஓர் இரவு வையுங்கள்.

மறுநாள் பலரும் அந்த ஊறல்நீரில் சர்க்கரையைக் கொட்டி அரை மணி நேரம் காய்ச்சுவார்கள். தெருவே மணக்கும், பாட்டிலில் மணம் இருக்காது. வரிசையை மாற்றுங்கள். முதலில் 1 கிலோ சர்க்கரையை 1 தம்ளர் தண்ணீரில் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சுங்கள். வடிகட்டிய ஊறல்நீரை அதன் பிறகு ஊற்றி, ஒரே ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். சர்க்கரை காயும்போதே ஓர் எலுமிச்சையின் சாறு சேர்த்துவிட்டால் பாகு மறுபடி சர்க்கரையாகப் பூக்காது.

நிறம் வெளிர்ந்த தேன் நிறமாகத்தான் வரும். கடைச் சர்பத்தின் கறுப்பு பெரும்பாலும் கருக்கிய சர்க்கரை அல்லது நிறமூட்டியின் வேலை. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். கோடை முடிவதற்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஐம்பது கிராம் வேரில் செய்தது அதுவரை மிஞ்சாது.